தேனீக்காரர் ஐவனுக்கு வந்த பில்

அன்புள்ள கரின்,

இந்தக் கடிதம் ஹோபார்ட் வந்து சேரும்போது நீ உடம்பாலும் மனதாலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. கோதுமை அறுவடை முடிந்தது, நேற்று விடியலில் புல்லின்மேல் முதல் உறைபனி, மிச்சமிருந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். வெர்னா அத்தை கிளினிக்கை விட்டுப் போனது உன் காதுக்கு வந்து, அப்பாவுக்கும் அத்தைக்கும் சண்டையா என்று போனில் கேட்டாய். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் மழையைப் பற்றிப் பேசினேன். இன்று அவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

உனக்கே தெரியும், அப்பா கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து பில் போடுவது அத்தைதான். இப்போது இன்சூரன்ஸ்காரர்கள் மாதம் ஒரு விதி மாற்றுகிறார்கள், அனுப்பிய பில்லில் பாதி ஏதோ ஒரு குறை சொல்லித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்பாவோடு கூட்டாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர் கிரெட்சன் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர், இப்படியே போனா கிளினிக்கை நகரத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டு நாம ரெண்டு பேரும் அங்க சம்பளத்துக்குத்தான் நிக்கணும், தானா பில் போடுற சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டாள். எதை வாங்குவது என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல, "அக்கா, நீயே பாத்து ஒண்ணு சொல்லு" என்று அத்தையிடம் தள்ளிவிட்டார். தன் நாற்காலிக்கு ஆபத்து வராத சாஃப்ட்வேரைத்தான் அத்தை எடுப்பார் என்று கிரெட்சன் என்னிடம் முணுமுணுத்தாள். வியாழக்கிழமை மட்டும் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் நான், எனக்கு எதற்கு என்று என் வேலையைப் பார்த்தேன்.

விற்க வந்தவர்கள் மூன்று பேர். முதலாவது மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரு ஆள் உட்கார்ந்து தட்ட வேண்டும், அது தட்டியதைச் சரிபார்த்து அனுப்பும். இரண்டாவது ஆள் ஒரு பெட்டி நிறைய டோனட் கொண்டுவந்தான், அத்தை இரண்டைச் சாப்பிட்டுவிட்டு நாலு கேள்வி கேட்டார், அவனுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. மூன்றாவதுதான் விசேஷம். டாக்டரும் நோயாளியும் பேசுவதை அறையில் இருந்தபடியே கேட்டு, குறிப்பும் எழுதி, பில்லும் போட்டு, இன்சூரன்ஸுக்கும் வீட்டுக்கும் தானே அனுப்பிவிடும். டாக்டர் வாயால் சொல்லிவிட்டு எழுத மறந்த அறிவுரையைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று விற்பனைக்காரப் பெண் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார், உன் அப்பாவின் மறதியோடு அத்தனை வருடம் மல்லுக்கட்டியவர் அல்லவா. எல்லோரும் போனபிறகு, "மூணாவதை எடுடா, மத்த ரெண்டும் என் வேலையை எனக்கே திருப்பி விக்கிறானுங்க" என்றார். மூன்றாவது வந்தால் பில் போட ஆள் வேண்டாம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கிரெட்சனின் முகம் சிவந்துவிட்டது. அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "சரிக்கா, அப்ப மூணாவதுதான்" என்றார், அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை என்றால் இதுதான் சண்டை. அத்தை மாதக் கடைசிவரை வேலை செய்து, சன்னலில் இருந்த கள்ளிச்செடியை எடுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று பேருக்கென்றே இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டுப் பழகிய ஹாட்டிஷ் திங்கள், செவ்வாய் வரை மிஞ்சியது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் படுத்துவிடும் என்று நினைத்தேன், படுக்கவில்லை. பில்கள் திரும்பி வருவது நின்றது, கிரெட்சன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். அத்தை செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு, இன்சூரன்ஸ் கடிதம் புரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஆரம்பித்தார். வரிசை வாசல்வரை நிற்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஆகஸ்டில் அந்த வரிசையில் எல்னா ஹால்வர்சன் வந்து நின்றாள், தேனீ வளர்க்கும் ஐவனின் மனைவி. நோயாளி விஷயத்தை இப்படி எழுதலாமா என்று நீ கேட்பாய், ஐவனே தேவாலயத்தில் காபி நேரத்தில் ஊருக்கே சொல்லிவிட்டான், இனி ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த பில்லை எல்னா பிரித்திருக்கிறாள், அதில் புகைப்பழக்கத்தை விடுவதற்கு டாக்டர் அறிவுரை சொன்னதாக ஒரு வரி. அவளுடைய அப்பா சிகரெட்டால் நுரையீரல் கெட்டு, மூச்சுக்குத் தவித்துச் செத்தவர். சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று ஐவன் சத்தியம் செய்த பிறகுதான் அவள் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். "பணத்துக்கு வரல வெர்னா, என் வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கிறாரா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். அத்தை வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பின்வாசல் வழியாக வரவில்லை. முன்னால் வந்து என் மேசைக்கு எதிரே நின்று, "பேரு வெர்னா, டாக்டரைப் பாக்கணும்" என்றார், என்னை முன்பின் பார்க்காதவர் மாதிரி. நானும் "உக்காருங்கக்கா, கூப்பிடுவாங்க" என்றேன்.

ஐவன் சிகரெட் பிடிப்பதில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் நோயாளி சம்மதிக்காமல் மனைவியிடம்கூட அவன் விஷயத்தைப் பேசச் சட்டம் இடம் கொடுக்காது. "ஐவன் வந்து சொல்லச் சொன்னாத்தான் நான் வாயைத் திறக்க முடியும், எல்னா" என்றார். "அப்ப ஏதோ இருக்கு" என்றாள் அவள். "இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்று அப்பா சொல்ல, அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அத்தை, "டேய், நீ சும்மா இருந்திருந்தாலே போதும்டா" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது.

ஐவனோ அதற்குள் கோபித்துக்கொண்டு தேன் கொட்டகையில் கட்டில் போட்டுவிட்டான். அத்தை அங்கேயே போய்ப் பார்த்தார், நான்தான் காரை ஓட்டினேன். "இத்தனை வருஷம் கூட இருந்தவ என் வாயை மோந்து பாக்கக்கூடாதா? கவர்ல வந்த காகிதத்தை நம்புறா. நான் எங்கயும் வந்து நிரூபிக்க மாட்டேன்" என்று தேனடையைச் சீவிக்கொண்டே சொன்னான். அத்தை கெஞ்சவில்லை. "அந்தப் பில்லைப் போட்ட மெஷினைத் தேர்ந்தெடுத்தவ நான். உனக்காக வர வேணாம், எனக்காக வா" என்றார். அவன் கத்தியைக் கீழே வைத்தான், கை கழுவினான்.

எல்லோரும் அப்பாவின் அறையில் கூடினோம். அப்பா முதல் வேலையாக அந்த ஒட்டுக்கேட்கும் கருவியை அணைத்தார். ஐவன் சம்மதம் சொன்னதும் திரையில் இருந்த குறிப்பை வாசித்தார். தினமும் காலையில் புகை உண்டு. புகை இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். இருமல் காரணமாகப் புகையைக் குறைக்கும்படி டாக்டர் நீண்ட நேரம் அறிவுரை. வாசித்து முடிக்குமுன் ஐவன் துள்ளி எழுந்து, "கோபம் வர்றது எனக்கில்ல, தேனீக்கு!" என்று கத்தினான். கூட்டைத் திறக்குமுன் தேனீக்களை அடக்க மூக்கு வைத்த தகரக் குவளையில் புகை போடுவார்களே, அதைப் பற்றித்தான் அவன் அப்பாவிடம் பேசியிருக்கிறான், மென்பொருள் அதை அவன் வாயில் சொருகிவிட்டது. கிரெட்சன் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். எல்னா சிரிக்கவில்லை. "இருமலா? எத்தனை நாளா?" என்றாள். ஐவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வசந்தத்திலிருந்து என்றான். மார்பைப் படம் எடுக்கச் சொல்லி அப்பா எழுதிக் கொடுத்தும் போகவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா தேனீயையெல்லாம் மருமகன்கிட்ட குடுன்னு சொல்லுவே." எல்னா, "சொல்லியிருப்பேன்தான்" என்றாள். பிறகு தானே அவனை நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைத்தாள். நாங்கள் பயந்ததுபோல் புற்றுநோய் இல்லை, புகையாலும் கொட்டகைத் தூசியாலும் நுரையீரல் வீங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் திரும்பச் சரியாகியிருக்காது என்றார்களாம். கூடுகளில் பாதியை மருமகனுக்குக் கொடுத்தாயிற்று. மீதிக்கு, தேனீ என்றாலே அலறுகிற எல்னாதான் வலை போட்டுக்கொண்டு புகை பிடிக்கிறாள், ஐவன் முகமூடியோடு தள்ளி நிற்கிறான்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு அப்பா, "அக்கா, அரை நாள் வந்து பில்லையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போயேன்" என்றார். அத்தை, "அன்னிக்கே கேட்டிருக்கணும், இப்ப எனக்கு வேற வேலை இருக்கு, செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வா, வரிசையில நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். அந்தச் செவ்வாய் மதியம் அப்பா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நூலகத்தில் ஏழு பேர் நின்றார்கள், எல்லோரும் இவருடைய நோயாளிகள், முன்னால் போகச் சொல்லி இடம் விட்டார்கள், இவர் போகவில்லை. அந்த முழங்காலோடு கடைசி ஆளாக நின்றிருக்கிறார். முறை வந்ததும் அத்தை தலையை நிமிர்த்தாமல், "பேரு?" என்று கேட்டாராம். இவரும் முழுப் பெயரைச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து இவ்வளவுதான் சொன்னார். இப்போது வெளியே போகுமுன் ஒவ்வொரு பில்லையும் கிரெட்சன் ஒரு கண் பார்க்கிறாள், ஆறு மணிக்குப் போனவள் ஏழுக்குப் போகிறாள்.

உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், பூமியின் அந்தப் பக்கத்தில் இப்போது வசந்தம் என்றாலும் கடல் காற்றை நம்பாதே. போனை எடுத்ததும் "நல்லா இருக்கேம்மா" என்று நீ சொல்கிற வேகம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் போன மாதம் இரண்டு தடவை உன் குரல் வேறு மாதிரி இருந்தது. நீ ஏதாவது டாக்டரைப் பார்த்திருந்தால் எனக்குச் சொல். என்ன செய்ய வேண்டும் என்று உடனே சொல்லத் தொடங்கமாட்டேன், முயற்சி செய்கிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா லோயிஸ்