ஜன்னல் மணி

குன்னூர், 1917 டிசம்பர், சனிக்கிழமை

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

பஸ்ராவுக்குக் கப்பலேறும் முன் நீங்கள் அடுப்படியில் ஒன்றும் ஜன்னலில் ஒன்றுமாக வைத்துவிட்டுப் போன இரண்டு குப்பிகளையும் தவறாமல் பார்த்து வருகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கந்தகம். அதன் மேலே நூலில் தொங்கும் என் கொலுசின் வெள்ளி மணி. துரையின் ரசாயனச் சாலையில் நீங்கள் செய்ததைப் போலவே, விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன்.

அடுப்படி மணி பதினோராம் நாளே கறுத்துவிட்டது. "ஏனுங்கக்கா, வெள்ளிய ஊறுகாப் போட்டுட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு மூக்கம்மா சிரித்தாள். அந்த வாரம் நம் வீட்டில் கேட்ட குரல் அது ஒன்றுதான்.

"ஜன்னல் மணி கறுக்கறதுக்குள்ள வந்துருவேன் புள்ள" என்றீர்கள். தபால்காரரிடம் இப்போது நான் எதுவும் கேட்பதில்லை.

நேற்று, எண்பத்து மூன்றாம் நாள், அதுவும் கறுத்திருந்தது.

புளி போட்டுத் துலக்கிப் புதுக் கந்தகம் இட்டேன். நோட்டில் முதல் நாள் என்று எழுதினேன், அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும். குப்பியை இம்முறை ஜன்னலில் வைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், வெயிலே படாத பாறை இடுக்கில் வைத்திருக்கிறேன். குளிர் கூடினால் கறுக்கும் நாளும் கூடும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊட்டுக்காரி