ஓர் எழுத்தும் விடாமல்

நவம்பர் 18, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்தேன். பிரஷர் மாத்திரை முடியப் போகிறது. ருவான்வெல்லை டவுனுக்கு யாராவது போனால் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குப் புஷ்பம் வந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளில் ஆறாம் நம்பர் லயம், ரப்பர் வெட்டுகிறவள். புருஷன் கொழும்பில். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று நடந்தது. அவள் சொன்னபடி:

பகல் இரண்டு மணி. சின்ன துரை என்கிற உதவி மனேஜர், செக்குருட்டிக் காவல் ஆட்கள் ஐந்து பேர். அவளுடைய அறைக்குப் பக்கத்துக் காம்பரா மாணிக்கம் லயத்துக்குப் பின்னால் தகரம் அடித்துக் கட்டிய குசினியை உடைக்க வந்தார்கள். அனுமதி இல்லாத கட்டடமாம். அடுப்பில் சோறு. "எறக்கி வச்சிக்கிறோம், பத்து நிமிசம் குடுங்க" என்றானாம் மாணிக்கம். பானையை உதைத்தார்கள். கொதித்த கஞ்சி அவன் மனைவியின் காலில். அவன் குறுக்கே போனான். இரும்புக் குழாயால் வலது முழங்கையில் மூன்று அடி. மூன்றாவதில் எலும்பு போனது.

"காஞ்ச வெறகு ஒடிக்கிற மாதிரி கேட்டுச்சுங்க டீச்சரம்மா."

விழுந்தவனின் வாயில் பூட்ஸ் கால். சின்ன துரை போன் பார்த்துக்கொண்டு நின்றார்.

பால் வெட்டுகிறவனுக்கு வலது கை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தானே வழுக்கி விழுந்ததாகப் பொலிஸில் எழுதியாயிற்று. லயம் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டது. கதவு இடுக்கால் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

தம்பி நேசனுக்கு எழுத வேண்டும். வியாழக்கிழமை பாராளுமன்றத்தில் பெருந்தோட்ட அமைச்சு விவாதம். அவனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

போகும்போது புஷ்பம் சொன்னது: "எம் பேரு மட்டும் வேணாங்க. பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன்."

"யாருக்கும் தெரியாது, போ" என்றேன்.

நவம்பர் 19, புதன்

வெயில், பிறகு இடி. உளுந்து ஊறப்போட மறந்தேன்.

நேசனுக்கான பக்கத்தை மூன்று தரம் எழுதினேன். 'கொடூரமாக', 'மிருகத்தனமாக' எல்லாவற்றையும் வெட்டினேன். நேரம், இடம், எத்தனை பேர், எத்தனை அடி. அது போதும். எம்.பி. ஆகி ஐந்து வருடமாகியும் சபையில் பேசுவதை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அவனாகப் பேசினால் நாலாவது வசனத்தில் சுவாமி விவேகானந்தர் வந்துவிடுவார்.

கையொப்பமில்லாத கடிதத்தை நான் படிப்பித்த கொன்வென்ட்டில் மதர் வாசிக்காமலே கிழித்துப் போடுவார். எனக்கும் அப்படித்தான் பழக்கம். ஆகவே அடியில் எழுதினேன்: சாட்சி, புஷ்பம், ஆறாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா. நேசன் தெரிந்துகொள்வதற்கு. அமைச்சர் தனியே அழைத்துக் கேட்டால் விழிக்கக் கூடாதே.

போனில் படம் எடுத்து அனுப்பினேன். "கெடச்சிச்சு அக்கா. சூப்பர்." சூப்பராம்.

நவம்பர் 20, வியாழன்

3.40க்கு நேசன் சபையில் பேச எழுந்தான். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கொலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது, சொல்ல ஒருவரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் எவனோ சிங்களத்தில் கத்தினான், சிரிப்பு. நேசன் நிறுத்தவில்லை. குழாய், முழங்கை, கஞ்சி. சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

பிறகு தாளைத் திருப்பி, அதே குரலில், நிறுத்தி நிதானமாக: "சாட்சி, புஷ்பம், ஆறாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா."

போன் சரிந்து விழுந்தது. நான் தட்டியிருக்க வேண்டும்.

நாலரைக்கு அவனே போன் எடுத்தான்.

"எப்புடி அக்கா? ஓர் எழுத்து விடலயே!"

"அந்தப் பேர ஏன்டா வாசிச்ச?"

"நீங்க எழுதியிருந்தீங்களே."

சீனிப் போத்தலை மூடினேன்.

"ஒரு சொல்லு விட்டா ரூல்தடியால முட்டியில குடுப்பீங்க. அந்தப் பயம் இன்னும் போகலக்கா." சிரிக்கிறான். ஐம்பத்தெட்டு வயது. "சபைக்குள்ள சொன்னதுக்கு எவனும் என்னை ஒண்ணும் செய்ய ஏலாது. சிறப்புரிமை."

"ஒனக்கு இருக்கு. அவளுக்கு?"

"ஹன்சாட்ல எடுத்துரச் சொல்றேன்" என்றான்.

சபைப் பேச்சை அச்சிடும் ஹன்சாட்டை இங்கே யார் படிக்கிறார்கள்? அவனுடைய ஆட்கள் அந்தப் பேச்சை மேளச் சத்தத்தோடு பேஸ்புக்கில் போட்டு, கீழே சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள். எடுக்க வைப்பதற்குள் தோட்டம் முழுக்கப் போய்விட்டது.

உடனே புஷ்பத்திடம் போயிருக்க வேண்டும். மழை. லயத்துக்கு இறங்கும் பாதையில் அட்டை. முழங்கால் வேறு.

இதை எழுதுவது எனக்காகத்தானே. மழையால் அல்ல. என்ன சொல்வதென்று தெரியவில்லை, போகவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒன்பதுக்கே போயிருக்கலாம். சேலையை இஸ்திரி போட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கு மடிப்புக் கலையாத சேலை. பத்தரைக்கு இறங்கினேன். காம்பரா பூட்டு. பால் எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள்; சொன்னவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போகும் வளைவில் சத்தம். மூன்று பேர். ஒருவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றி முகத்தை மேலே இழுத்துப் பிடித்திருந்தான். இன்னொருவன் அவளுடைய வாளியைத் தூக்கி, அவள் காலையிலிருந்து மரம் மரமாகச் சேர்த்த பாலை, தலையில் ஊற்றினான். மெதுவாக. மூன்றாமவன் விலாவில் உதைத்தான். ஒவ்வோர் உதைக்கும்: "பார்லிமேந்துவட்ட கியாபங்!" போய்ப் பாராளுமன்றத்துக்குச் சொல்லு என்று.

நான் இங்கிலீஷில் கத்தினேன். ஏன் என்று தெரியவில்லை. வகுப்பில் கத்துவது போல. அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "யன்ன ஆச்சி, யன்ன." போ கிழவி, போ என்று. குடையால் ஒருவன் முகத்தில் அடித்தேன். கன்னம் கிழிந்தது, இரத்தம் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. அவன் ஒரு கையால்தான் தள்ளினான். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவசரப்படாமல் போனார்கள். ஒருவன் பால் கையை அவள் முதுகில் துடைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியாது. உடனே உறையாமலிருக்கப் பாலில் அமோனியா கலந்திருந்தது. இடது கண் திறக்கவில்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். தலையில் பால் இறுகிவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன். அசையவில்லை. இடுப்பு வரைக்கும் இருந்த முடி.

"வெட்டுங்க" என்றாள்.

தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். நேரம் பிடித்தது. சில இடங்களில் தோலும் வந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எல்லாம் ஒரே துண்டாக, தொப்பி போல, கையில் வந்தது. கனமாக. உயிருள்ள எதையோ உரித்தது போல. எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"நான்தான் எழுதினேன், புஷ்பம்."

"தெரியும்ங்க" என்றாள், திரும்பாமல். "காம்பரா நம்பர் வரைக்கும் சரியா இருந்துச்சே."

நவம்பர் 22, சனி

ஆஸ்பத்திரி. விலாவில் இரண்டு முறிவு. கண் தப்பும் என்கிறார்கள். பொலிஸில் சார்ஜன்ட் பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "இவங்கதானே கம்ப்ளைன்ட் குடுத்து ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அவளும் மகளும் என் வீட்டிலேயே படுக்கை.

மூன்று மணிக்கு நேசன். இரண்டு வாகனம், கமரா தூக்கிய ஒருவன். புஷ்பத்தைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது, அது பொய்யல்ல. பிறகு: "ஒரே ஒரு படம் அக்கா. திங்கக்கெழம சபையில தூக்கிக் காட்டுறேன். நாடே நடுங்கும்."

கன்னத்தில் அறைந்தேன். கண்ணாடி பறந்தது. இன்னொன்றும் விட்டேன். கமராக்காரன் கூரையைப் பார்த்தான். டிரைவர் போய் டயரைப் பார்த்தான். நேசன் கையைத் தூக்கவில்லை. சின்ன வயதில் நின்றது போலவே நின்றான்.

"அவர அடிச்சு முடிஞ்சதுன்னா எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றாள் புஷ்பம். "கம்ப்ளைன்ட்காரி நான்னு நெனச்சிக்கிட்டு இருக்கானுங்க. எம் மக எப்புடிங்க அந்தப் பாதையில பள்ளிக்கூடம் போவா?"

திங்கட்கிழமை நேசன் வாசிக்க இரண்டாவது பக்கம் எழுதினேன். அதன் முடிவு: 'இந்த முறைப்பாட்டை எழுதியவள் நான். வேண்டாமென்று கேட்டுக்கொண்ட பெண்ணின் பெயரை அவள் சொல்லை மீறிச் சேர்த்தவளும் நான். முறைப்பாட்டுக்காரியைத் தேடுகிறவர்கள் மேல்ரோட்டில் வெள்ளைக் கேட் உள்ள வீட்டுக்கு வரவும்.' கீழே என் முழுப் பெயர்.

"வயசான காலத்துல இது தேவையா அக்கா?"

"வாசி. ஓர் எழுத்தும் விடாம."

நவம்பர் 23, ஞாயிறு

ஆளில்லாத நேரம் பார்த்துப் புஷ்பத்தின் கதவைக் கோடரியால் பிளந்திருக்கிறார்கள். மகளின் புத்தகங்கள் சாக்கடைக் கானில். பொறுக்கி வந்து அடுப்படியில் விரித்துக் காயவைத்தோம். கணக்குப் புத்தகம் தப்பியது. தமிழ் போயிற்று. கோடரியையும் ஒரு வரியாக எழுதி நேசனுக்கு அனுப்பினேன்.

புண்ணுக்கு மருந்து போடும்போது அவளுடைய பால்வெட்டுக் கத்தி ஜன்னலில் இருந்தது. எவ்வளவு கூர். அந்த மூன்று கழுத்துகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், மரத்தில் போடுவது போலச் சாய்வாக. கத்தியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நவம்பர் 24, திங்கள்

11.20. மூவரும் பார்த்தோம். நன்றாக வாசித்தான். வாளி, உதை, கண், கோடரி. படம் காட்டவில்லை, பெயர் சொல்லவில்லை. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிப் பந்திக்கு வந்தான். தாளைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டான்.

"நன்றி, கௌரவ தவிசாளர் அவர்களே." உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சிச்சுங்களா?" என்றாள் புஷ்பம்.

முடியவில்லை. பிறந்ததிலிருந்து இன்றுதான் விட்டு வாசித்திருக்கிறான்.

போன் எடுத்தேன். "நீங்க எனக்கு அம்மா மாதிரி அக்கா. அவனுங்க ஒங்கள எதாச்சும்…"

"அவள செஞ்சா பரவாயில்லையா?"

போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை இல்லை. வெட்டு உண்டு. பிரட்டுக்கு எல்லாரும் வருவார்கள் என்று தெரிந்துதான் ஆறு மணிக்கு இறங்கினேன். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் முப்பது வருடம் செக்ரோல் பெயர்ப் பதிவேட்டோடு நின்றிருக்கிறார். நான் இன்றுதான் மிதித்தேன். சின்ன துரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தார். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியவனும் இருந்தான்.

நேசன் விட்ட பந்தியைத் தாளிலிருந்து வாசித்தேன், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். சிங்களத்தில் பாதியில் பிளாஸ்டர்க்காரன் வந்து தாளைப் பிடுங்கிக் கிழித்தான். பிறகு வாயில் ஓர் அறை. பல் செட் வெளியே போய் விழுந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். வேறொன்றும் இல்லை, ஒருவரும் நகரவில்லை.

குனிந்து எடுத்தேன். மண்ணைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். போட்டுக்கொண்டேன். மீதியை மனப்பாடமாகச் சொன்னேன். மேல்ரோட்டு வரைக்கும், வெள்ளைக் கேட் வரைக்கும், என் முழுப் பெயர் வரைக்கும்.

"தேருனாத, மாத்தயா?" என்று கேட்டேன் சின்ன துரையிடம். விளங்கியதா என்று. போனைப் பையில் போட்டார். விளங்கியிருக்கிறது.

புஷ்பமும் மகளும் ஒன்பதரை பஸ். பெல்மதுளையில் அவள் அக்கா வீடு. ஏறும்போது தலையில் என் கறுப்புச் சால்வை. "கதவப் பூட்டிக்கிட்டு இருங்க டீச்சரம்மா" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பதினொன்று ஐந்து. உதடு வீங்கியிருக்கிறது, தேநீர் எரிகிறது. மாத்திரை இன்னும் வாங்கவில்லை. கேட்டை அகலத் திறந்து கல் முண்டு கொடுத்திருக்கிறேன். பெயின்ட் அடித்து நாலு மாதம்தான், அதை உடைக்க வேண்டியதில்லை. வளைவில் ஜீப் கியர் மாற்றுகிற சத்தம். நேசனுடையது டபள் கெப், அதன் சத்தம் இதுவல்ல.