மெடிக்கலில் பாஸ் ஆகிவிட்டேன், மல்லிகா!

அடியே என் மல்லிகா,

பாஸ்! நீ மகாராணி, மகாராணி என்று கிண்டல் செய்வாயே, அந்த மகாராணி மெடிக்கலில் பாஸ்! நேற்று ஏஜெண்ட் போன் பண்ணிச் சொன்னதிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாய் துடிக்கிறது. நீ இருந்திருந்தால் பொம்மைக் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டிருப்பாய். நீ இல்லையே, நானே போட்டேன். யாரோ கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று சூளைப் பக்கமிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோமே, அதேதான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்காமலே என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

மெடிக்கல் என்றதும் ஊரே எனக்கு வைத்தியம் பார்த்தது. கருவேப்பிலங்குறிச்சி நாத்தனார் ரத்தம் ஊறும் என்று பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். எதிர்வீட்டு அக்கா பீட்ரூட் தின்னச் சொன்னாள். தின்ற தினுசில் ஒன்றுக்குப் போவதே சிவப்பாகி, ஐயோ, எனக்கு என்னமோ வந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்க நடுங்கினேன். சிரிக்காதே.

ஆனால் என் பயமெல்லாம் விரலில்தான் இருந்தது. பதினைந்து வருஷமாகச் சூளைக்குப் போகிற மண் பொம்மையை உப்புத்தாளால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்து, நமக்குக் கைரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை மிஷின் நம் இரண்டு பேரையும் என்றைக்கு ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது? "ரேகையெல்லாம் பொம்மைங்களுக்குக் குடுத்துட்டோம்க்கா, அரிசியையும் அதுங்களுக்கே போடச் சொல்லு" என்பாய். கடைக்காரரே சிரித்துவிடுவார்.

சென்னையில் மெடிக்கல் எடுக்கிற இடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் அப்புறம்தானாம். வாசலிலேயே போட்டோ பிடித்து, விரல் வைக்கச் சொன்னார்கள். வலது கட்டைவிரல், சிவப்பு லைட். இடது, சிவப்பு. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், எல்லாமே சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. தேங்காயெண்ணெய் போட்டு மூன்று நாள் ஊறவைத்த விரலடி!

"ரேகை விழலம்மா. இன்னொரு நாள் வாங்க" என்றாள் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்.

"இன்னொரு நாளு எனக்கு இல்ல கண்ணு. இன்னைக்கு வுட்டா வேல வேற ஆளுக்குப் பூடும். பெரியவள நர்சிங் சேக்கணும்" என்றேன். "இன்னும் ரெண்டு வெரல் பாக்கி இருக்குது, பாத்துடேன்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டு, சரி வையுங்கள் என்றாள். வலது சுண்டுவிரலை வைத்தேன்.

பச்சை! பளிச்சென்று பச்சை, மல்லிகா! இடதும் பச்சை!

எப்படி என்று உனக்குப் புரிந்திருக்கும். ஸ்பாஞ்சு பிடிக்கும்போது என் சுண்டுவிரல் மட்டும் மண்ணில் படாமல் தூக்கிக்கொண்டு நிற்குமே. "மகாராணி வேல செய்யிறாங்க, யாரும் குறுக்க போவாதீங்க" என்று நீ ராகம் போடுவாயே. ஒருநாள் நூலால் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கூட விட்டாய். அந்தத் திமிர் பிடித்த விரல்தான் என்னைக் காப்பாற்றியது. எனக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. "பச்ச லைட்டு தானேம்மா வந்திருக்கு, எதுக்கு அழுவுறீங்க?" என்று அந்தப் பெண் பதறிப்போனாள். அவளிடம் உன்னைப் பற்றி எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அதற்கப்புறம் எல்லாம் சுலபம். எக்ஸ்ரேக்குத் தங்கம் ஆகாது என்று தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். இத்தனை வருஷத் தூசி நெஞ்சில் தெரியுமோ என்று திக்திக்கென்றது. சுத்தமாக இருக்கிறதாம்.

ரயிலில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. நீ வந்திருந்தால் உனக்கு எந்த விரலில் ரேகை விழுந்திருக்கும்? நீ பத்து விரலும் படிய வேலை செய்கிறவள் ஆயிற்றே. உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தால் நான் மட்டும் உள்ளே போயிருப்பேனா? தெரியவில்லையடி. விருத்தாசலம் வருகிறவரை யோசித்தேன், அப்போதும் தெரியவில்லை.

அடுத்த மாதம் விமானம். அங்கே இறங்கியதும் மறுபடி விரல் வைக்க வேண்டுமாம். கட்டைவிரலைக் கேட்டாலும் சுண்டுவிரலைத்தான் முதலில் நீட்டுவேன். ஆஸ்பத்திரித் துணியை அலசும்போதும் அதைத் தூக்கியேதான் வைத்திருப்பேன். யார் சிரித்தாலும் சரி, இறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நீ நூல் போட்டுக் கட்டியும் அடங்காத,
உன் மகாராணி அக்கா