ஆளில்லாத படங்கள்

கனகராயன்குளம்
09.03.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கொடுத்துவிட்ட கமரா பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. வவுனியாவில் படம் கழுவுகிற கடைக்காரர், "தம்பி, ஒண்டிலையும் ஆளைக் காணேல்லையே, பிலிமை வீணாக்கிப்போட்டீர்" என்றார். நான் வீணாக்கவில்லை. ஆட்களை எடுக்கப் போகவில்லை.

விடிய முன்னம் குளக்கட்டில் போய் இருந்தால் இலைக்கோழி தாமரை இலைகளின் மேல் நடந்து வரும். ரோட்டில் லொறி, அம்மாவின் ரேடியோ, ஆட்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் காதில் விழும், தலை நோகும். கமராவுக்குள் பார்த்தால் இலைக்கோழி மட்டும் இருக்கிறது. நோவு இல்லை.

சில படங்கள் இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மா சுகம்.

சிவகரன்

ரொறன்ரோ
18.04.2004

என் அன்புத் தம்பிக்கு,

மகள் சாரங்காவின் பள்ளிக்கூடத்தில் 'ஓட்டிசம்' பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. பிடிவாதமும் இல்லையாம், பயித்தியமும் இல்லையாம், பிறவியிலேயே அப்படியாம். முப்பத்துமூன்று வயதுவரை உனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லையே என்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன்.

சண்டை நின்று பாதை திறந்திருக்கிறது. ஆவணியில் வருகிறோம். சாரங்கா பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளின் சாமத்தியச் சடங்கை நம் வீட்டிலேயே வைப்போம். தாய்மாமன் நீ ஒருவன்தான். படமும் நீதான் எடுக்கவேண்டும். கமரா கையில் இருந்தால் உனக்குச் சபை பயமாயிராது. சனமும் உன்னை மதிக்கும்.

உன் அக்கா
விமலேஸ்வரி

கனகராயன்குளம்
16.05.2004

அன்புள்ள அக்காவுக்கு,

வாருங்கள். ஒலிபெருக்கி கட்டாவிட்டால் மாமனாக நின்று தேங்காய் உடைப்பேன். படம் எடுக்கமாட்டேன்.

சிவகரன்

ரொறன்ரோ
20.09.2004

என் அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதைக் கூச்சம் என்று நினைத்து, அன்றைக்குக் கமராவை உன் கையில் திணித்துவிட்டேன். ஒலிபெருக்கியை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கனடாக்காரி ஒரு பாட்டுக்கூடப் போடேல்லை" என்று சனம் கதைக்குமே என்று பார்த்தேன்.

ஆராத்தி நேரம் எல்லாரும் "மாமன், இஞ்சாலை பாத்து எடும்!" என்று கத்த, நீ கமராவை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாய். உன் அத்தான், "இதுகூட ஏலாதோ இவனுக்கு?" என்றார். சபை சிரித்தது. தம்பி, நானும் சிரித்தேன். கூட்டத்தில் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அடுத்தநாள் உன்னைச் சமாதானப்படுத்தத்தான் வான் பிடித்து எல்லாரையும் குளக்கட்டுக்குக் கூட்டிவந்தேன். பிள்ளைகளும் உன் பறவைகளைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நீ எழுந்து போனாய்.

நீ இப்போது குளத்தடிக்கே போவதில்லையாம், அம்மா ரெலிபோனில் சொன்னா. என்னில் கோபமா? அந்தச் சிரிப்பை மறந்துவிடு, ராசா. ஒரு வரி எழுது.

உன் அக்கா
விமலேஸ்வரி

கனகராயன்குளம்
12.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. நீங்கள் சிரித்ததை நான் பார்க்கவில்லை. காதைப் பொத்தும்போது கண்ணையும் மூடிவிடுவேன். அதற்காக நீங்கள் அழவேண்டாம்.

சாமத்திய வீட்டுச் சத்தம் அன்றைக்கே முடிந்துவிட்டது. குளக்கட்டு முடியவில்லை. அங்கே போய் இருந்தால் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் நின்று, "எங்கை பறவை, எங்கை பறவை" என்று கேட்பதுபோல் இருக்கிறது. ஒருவரும் இல்லை என்று தெரியும். கமராவுக்குள் பார்த்தாலும் கேட்கிறது. அதனால்தான் போவதை விட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வேறோர் இடம் கண்டேன். பஸ்ஸில் போய், பிறகு நடக்கவேண்டும். தண்ணீர் இருக்கிறது. கமராவை எடுத்துப் போகிறேன். அங்கே தலை நோவதில்லை.

ஓட்டிசம் என்ற சொல்லை அம்மாவுக்கும் சொன்னேன். நல்ல சொல். அதைத் தேடி எழுதியதற்கு நன்றி.

நீங்கள் எப்போதும்போல வீட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணி நான் ஊற்றித் தருவேன். படங்கள் இனி அனுப்பமாட்டேன். இடத்தின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால், அன்பில் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

சிவகரன்