பூங்காவுக்கு விற்ற கோபங்கள்

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். பதினாலு வருஷம் கழித்து எழுதுகிறாளே என்று மயக்கம் போட்டு விழாதே, முதலில் உட்கார். நலமா என்று கேட்க மாட்டேன். முழங்கால் வலியைத் தவிர நலம் என்று உன் மகன் போனிலேயே சொல்லிவிட்டான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கோழிக் கிறுக்கல் இது, பொறுமையாகப் படி.

உன் மகன் ஒன்று கேட்டான். "பெரியம்மா, எல்லார் மேல இருக்கிற கோபத்தையும் விக்கிறீங்களாமே, அம்மா மேல இருக்கிறது என்ன விலைன்னு கேக்கச் சொன்னாங்க" என்றான். அது போனில் சொல்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் முழுசாக உனக்கு வந்திருக்காது. அப்பா நமக்குப் பிரித்துக் கொடுத்த மனையில் உன் பாதியை வாங்கினாரே மளிகைக்கடைக்காரர், அவர் கடை கட்டப்போகிறேன் என்று அப்பா வைத்த அத்திமரத்தை வெட்டினார். கடை கட்டவே இல்லை. இத்தனை வருஷமாக அங்கே முளைப்பதெல்லாம் உடைந்த நாற்காலியும் ஓட்டை வாளியும்தான். இப்போது வயதாகிப் புத்தி வந்திருக்கிறது. தெருவுக்குப் பூங்கா என்றால் பாதி விலைக்குத் தருகிறேன், மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் லாரிக்காரருக்குக் கொட்டகை போடக் கொடுத்துவிடுவேன் என்கிறார். லாரி வந்தால் புகை நேரே என் படுக்கையறை ஜன்னலுக்கு.

தெருக்காரர்கள் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் சுற்றினார்கள். சில்லறையும் இரண்டு சட்டைப் பொத்தானும் விழுந்தன. அப்புறம் ஒரு கூட்டம் போட்டார்கள். தையல்காரி எழுந்து, பூச்செடி வேண்டும், பெஞ்சு வேண்டும், பெரிய மனசு பண்ணுங்கள் என்று நீட்டி முழக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "என் பேத்தி கவுனுக்குக் கொடுத்த துணியில உன் பொண்ணுக்கும் ஒண்ணு தைச்சியே, நீலத்துல வெள்ளைப் புள்ளி, அந்தப் பெரிய மனசா?" என்று கேட்டுவிட்டேன். கூட்டமே சிரித்தது. அவள் முகம் சிவந்து, "பாட்டி, பதினேழு வருஷமா இதையே சொல்றீங்க. இனிமே வெளியில சொல்லாம இருக்க என்னதான் வேணும்?" என்றாள். டப்பாவை நீட்டினேன். நோட்டாகவே போட்டாள்.

அவ்வளவுதான், வியாபாரம் சூடு பிடித்தது. மறுநாள் காலையிலேயே பல் டாக்டர் வந்தார். கெட்ட பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிய மகராசன். அவருக்கு விலை கூடத்தான், பல் திரும்ப முளைக்குமா என்ன. மருந்துக்கடைக்காரர் பாதிதான் தருவேன் என்று பேரம் பேசினார். பாதியை மறந்துவிடுகிறேன், மீதிப் பாதியை ஊருக்குச் சொல்கிறேன் என்றேன். முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருஷம் குடிவந்த வாத்தியார் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய மனக்குறை. "என் மேல ஒண்ணுமே இல்லையா பாட்டி?" என்று வாசலில் வந்து நின்றார். பாவமாக இருந்தது. பல் விளக்கும்போது ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி காறுகிறீர்களே என்றேன். அவ்வளவு சந்தோஷமாக டப்பாவில் பணம் போட்டார். என் மருமகளும் ஒன்று வாங்கினாள். நேற்றைக்கே அவள் கணக்கில் புதுசு ஒன்று சேர்ந்துவிட்டது.

விற்ற கோபத்தையெல்லாம் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வெளியே சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். நீ வெளியாள் இல்லை.

இப்போது சரக்கு தீர்ந்துவிட்டது. மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது, கால்வாசிப் பணம் துண்டு விழுகிறது. என்னிடம் மிச்சம் உன் மேல் உள்ளது ஒன்றுதான். அது பெரிசு என்று தெருவுக்கே தெரியும். அதையும் தள்ளிவிடுங்கள் பாட்டி, பூங்கா வந்துவிடும் என்று தையல்காரி என் காதைக் கடிக்கிறாள். மிச்சப் பணம் முழுக்க அம்மா தருவாள் என்று உன் மகனும் சொல்கிறான்.

பணத்தை அனுப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தெருப் பிள்ளைகளுக்காக அனுப்பு. ஆனால் உன் மேல் உள்ள கோபத்தை நான் விற்க முடியாது. கெட்டுப்போன சரக்கை விற்பது பாவம்.

நீ மனையை விற்றது உன் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு என்று மறுவாரமே எனக்குத் தெரியும். ஊரை விட்டுக் கிளம்பின அன்று காலை நீ வந்து கதவைத் தட்டினாய். மூன்று தடவை. மூன்றாவது தடவை மெதுவாகத் தட்டினாய். அக்கா வீட்டில் இல்லை என்று நினைத்துப் போயிருப்பாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் எல்லார் தப்பையும் நாள் கிழமையோடு சொல்கிறவள், இதை மட்டும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இதற்கு என்ன விலை என்று நீதான் சொல்ல வேண்டும்.

அத்திக் கன்று ஒன்று வாங்கி வாளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய மரம் நின்ற இடத்திலேயே வைக்க வேண்டும். உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. முழங்காலை வைத்துக்கொண்டு நீ குழி தோண்ட வேண்டாம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொன்னால் போதும். எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

வரும்போது கதவைத் தட்டாதே. சாத்தி வைக்க மாட்டேன்.

உன் அக்கா