ஆழியன் பதினோராம் இதழ்

ஜூன் 3, செவ்வாய்
பதினோராம் இதழின் முதல் எட்டுப் பக்கங்களுக்குக் கதை வந்துவிட்டது, வாட்ஸ்அப்பில். "பக்கம் 1, கட்டம் 1: பவளப்பாறை. இருட்டு." இப்படியே போகிறது. சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. காளீஸ்வரன் கொச்சிக்கு வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. "வீடு பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். இப்போது எங்களுக்குள் பேச்சு என்றால் ஆழியன் மட்டும்தான். கல்யாணமான வருஷம் தொடங்கிய காமிக்ஸ். அவர் எழுதுகிறார், நான் வரைகிறேன்.

ஜூன் 5
நாள் முழுக்க நீலம். விரல் இடுக்கெல்லாம் நீலம். மழைக்கு ஏங்குகிற சிக்கல் என்கிற ஊரில் பிறந்துவிட்டு, கடலுக்கடியில் மூச்சு விடுகிற ஒருத்தனை வரைந்துகொண்டிருக்கிறேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

ஜூன் 9
மீதிக் கதையும் வந்தது. அலர்மதி எங்கேயும் இல்லை. ஆழியனின் மனைவி. இதுவரை வந்த எல்லா இதழிலும் கடைசிப் பக்கத்தில் அவன் கரையேறி வருவது அவளிடம்தான். ஏன் இல்லை என்று கேட்டேன். "இந்தக் கதைக்கு அவ தேவைப்படல" என்று பதில்.
திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 10
வரையவில்லை.

ஜூன் 14
அம்மா போன். "ஏத்தா, மாப்பிள்ளை எப்ப வந்து கூட்டிட்டுப் போறாராம்?"
"வேலை ஜாஸ்தியாம்மா."
சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிடும் போல. சாயங்காலம் பக்கத்து வீட்டு நூர் நிஷா அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். நானும் நின்றேன். உள்ளே வாங்க என்று ஏன் கூப்பிடவில்லை? வந்தால் கேட்பார். அதனால்தான்.

ஜூன் 19
கடைசிப் பக்கம். பக்கம் முழுக்க ஒரே படம். ஆழியன் கரைக்குத் திரும்பலாம், வழி திறந்திருக்கிறது. அவன் வேண்டாமென்று இன்னும் ஆழத்துக்குப் போகிறான். முதுகு மட்டும் தெரிய வேண்டும். பென்சிலில் போட்டுப் பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் இறங்கி — அப்படியே அவர் நடந்துபோகிற மாதிரி. நினைத்து வரையவில்லை. கை வரைந்துவிட்டது.

போன் போட்டேன். "நீங்க வருவீகளா, மாட்டீகளா?"
"அதான் கதைய அனுப்பியிருந்தேனே, ஜோதி."

அடப்பாவி. கதையிலயா சொல்லுவ? கட்டம் கட்டமா நான் வரைஞ்சு தெரிஞ்சுக்கணுமா? வாய் இல்லையா ஒனக்கு?

இதில் ஒன்றையும் அவரிடம் கேட்கவில்லை. "வேற யாரும் இருக்காங்களா?" என்றுதான் கேட்டேன்.
"யாரும் இல்ல. எனக்குத் தனியா இருக்கணும்."
யாராவது இருந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

ஜூன் 22
அலர்மதியைக் கரையில் சின்னதாக வரைந்து பார்த்தேன். அழித்துவிட்டேன். போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் எதற்கு நிற்க வேண்டும்?

ஜூன் 25
எழுதியிருந்தபடியே முடித்து மதுரைக்கு அனுப்பிவிட்டேன். எடிட்டர் ஈஸ்வரி கூப்பிட்டார்.
"கடைசிப் படத்தப் பாத்துட்டு என்னமோ மாதிரி ஆயிருச்சு, ஜோதி. அடுத்த இதழுக்கு அவரு எப்பக் கதை தருவாரு?"
"அவரு தரமாட்டாரு, மேடம். நான் எழுதட்டா?"
எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.
"எழுதிக் காட்டு, பாப்போம்."

ஜூலை 2
நாலு பக்கம் எழுதினேன். மூன்றைக் கிழித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு
இதழ் அச்சாகி வந்துவிட்டது. கதை அவர் பெயர், ஓவியம் என் பெயர். எப்போதும் போல அடுத்தடுத்து.

மத்தியானம் என் அய்யா சிக்கலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். "மாப்பிள்ளை போனையே எடுக்க மாட்டேங்கிறாரு. என்னாத்தா நடக்குது?"

வாயால் சொல்ல எனக்கும் வரவில்லை. மேஜையில் இருந்த இதழை எடுத்துக் கொடுத்தேன்.

அய்யா இதுவரை என் காமிக்ஸ் ஒன்றையும் படித்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில் "இம்புட்டுத் தண்ணியா!" என்றார். ஒவ்வொரு வசனத்தையும் விரல் வைத்துப் படித்தார். போட்டுவைத்த சோறு ஆறிப்போனது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இவன் திரும்பி வருவானாத்தா?"
"வரமாட்டான்யா."

அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நம்ம ஊருக்கு வாரியா?"
"இல்லய்யா. இங்கனயே இருக்கேன். வேலை இருக்கு."

ஆறிய சோற்றைச் சாப்பிட்டார். கிளம்பும்போது இதழைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒங்கம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.