புரட்டிப் போட்ட மீன்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நீ உடனே மக்காவ் நகரிலிருந்து வர வேண்டும்.

அப்பா ஓட்டும் சிவப்புப் பாய்மரப் படகுக்குக் கூட்டம் குறையவில்லை. பயணிகள் துறைமுகத்தைப் படமெடுக்கிறார்கள், நான் தேநீர் கொடுக்கிறேன். ஆனால் சனிக்கிழமை, எதிர்க்கரை கௌலூனிலிருந்து ஃபெரி கப்பல் எங்களை நோக்கி நேரே வந்தபோது அப்பா சுக்கானைத் திருப்பவே இல்லை. பாய் கட்டும் ஹோய் மாமாதான் ஓடி வந்து திருப்பினார்.

"என்னண்ணே, கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறியா?"

"வெயில் கண்ணுல அடிச்சிடுச்சுடா" என்றார் அப்பா. அன்று வானம் முழுக்க மேகம்.

நாளை இரவு தேசிய தின வாணவேடிக்கை. இருட்டில், படகு நிறைய ஆட்களோடு போக வேண்டும்.

"போகாதீங்கப்பா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல பயப்படத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று சிரித்தார்.

அதனால் இன்று சாப்பிடும்போது, மேல்பக்கம் தீர்ந்ததும் முள்ளை எடுக்காமல் மீனையே புரட்டிப் போட்டேன். மீனைப் புரட்டினால் படகும் கவிழும் என்று நம்புகிறவராயிற்றே, அப்பா என் கையிலேயே அடிப்பார், நாளை படகைத் தொடவே மாட்டார் என்று நம்பினேன். தட்டு அவர் முன்னால்தான் இருந்தது. சாப்ஸ்டிக்கால் தடவித் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "முள்ளை அழகா எடுத்திருக்கியே" என்று பாராட்டினார்.

படகின் என்ஜின் சாவியை என் தலையணை உறைக்குள் மறைத்துவிட்டேன். காலையில் வீடெல்லாம் தடவித் தேடுவார். திட்டினால் தாங்கிக்கொள்வேன். கெஞ்சினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதற்குள் வந்துவிடு.

உன் தங்கை